விலையை யாரும் பார்க்கவில்லை

நட்வர் சிங் 2024 ஆகஸ்ட்டில் காலமானபோது வந்த செய்திகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது: வோல்க்கர் அறிக்கையில் பெயர் அடிபட்டு வெளியுறவு அமைச்சர் பதவியை இழந்தவர். அதைப் பார்த்துவிட்டு என் தங்கை பையன் போன் செய்தான். "பெரியம்மா, நீங்க ஆடிட்ல இருந்தவங்கதானே, இந்த வோல்க்கர் சமாச்சாரம் என்ன? தேடிப் பார்த்தா 2018 வரைக்கும் கேஸ் நடந்திருக்கு. இவ்வளவு மெதுவாவா விசாரிப்பாங்க?"

போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதுகிறேன்டா, படித்துக்கொள் என்றேன். அவனுக்காக எழுதியதுதான் இது. மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈராக்குக்காக ஐ.நா. நடத்திய எண்ணெய்க்கு உணவுத் திட்டத்தில் நடந்த ஊழலை விசாரித்தது வோல்க்கர் கமிட்டி. அது மெதுவாக வேலை பார்த்தது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2004 ஏப்ரலில் அமைத்தார்கள், 2005 அக்டோபர் 27-ல் கடைசி அறிக்கை வந்துவிட்டது. அறுநூறு பக்கத்துக்கு மேல். 3,600 நிறுவனங்களுக்கு மேல் சரக்கு விற்ற ஒரு திட்டத்தை ஒன்றரை வருஷத்தில் குடைந்து முடித்தார்கள். சாதாரணக் கொள்முதல் முறைகேடு ஒன்றில் டிராஃப்ட் பாராவை (அறிக்கையில் போகும் ஆட்சேபணையின் வரைவை) இறுதி செய்யவே எங்கள் ஆபீசில் அதைவிட அதிக நாள் ஓடியதுண்டு. சம்மன் அனுப்பி ஆளை வரவழைக்கும் அதிகாரம்கூட இல்லாமல் அவர்கள் அதைச் செய்தார்கள். தாமதத்தில் ஒரு பங்கு அதற்கு முன்னால் நடந்தது. மிச்சம் அதற்குப் பின்னால்.

சுருக்கமாகப் பின்னணி. 1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் ஐ.நா. பாதுகாப்புக் குழு 661-ஆம் தீர்மானத்தின் மூலம் ஈராக் மீது முழு வர்த்தகத் தடை போட்டது. எண்ணெயை விற்க முடியாது. வெளியிலிருந்து வாங்கவும் வழியில்லை. ஜனங்கள் தவித்துப்போனார்கள். 1995-ல் 986-ஆம் தீர்மானம் வந்தது: ஈராக் எண்ணெய் விற்கலாம், ஆனால் பணம் ஈராக் கைக்குப் போகாது. ஐ.நா. கட்டுப்பாட்டில் ஒரு வங்கிக் கணக்கில் விழும், அதிலிருந்து உணவும் மருந்தும் வாங்கலாம். இதுதான் எண்ணெய்க்கு உணவுத் திட்டம். 1996 டிசம்பரில் எண்ணெய் கிளம்பியது, 1997 மார்ச்சில் முதல் உணவுச் சரக்கு போய்ச் சேர்ந்தது, 2003 நவம்பரில் திட்டம் முடிந்தது. விற்ற எண்ணெயின் மதிப்பு சுமார் 6,400 கோடி டாலர்.

அந்தப் பணம் எப்படிப் பிரிந்தது என்பதைப் பாருங்கள். ஆரம்பத்தில் 53 சதவீதம் மத்திய, தெற்கு ஈராக்குக்கு, 13 சதவீதம் வடக்கே குர்து மாகாணங்களுக்கு. 30 சதவீதம் குவைத் படையெடுப்பில் நஷ்டப்பட்டவர்களுக்கு இழப்பீடு. ஆயுத ஆய்வாளர்களுக்கு 0.8. ஐ.நா.வின் நிர்வாகச் செலவுக்கு 2.2. அந்த 2.2 சதவீதம் மட்டுமே நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆக, இதை உதவித் திட்டம் என்று சொல்வதற்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. ஈராக்கியர்களின் எண்ணெய், ஈராக்கியர்களின் காசு. மேற்பார்வை பார்த்தவர்களுக்குச் சம்பளமும் அதிலிருந்துதான்.

சரி, ஊழல் எங்கே நுழைந்தது? சூட்சுமம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. எண்ணெயை யாருக்கு விற்பது, சரக்கை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமையை 1996-ல் போட்ட உடன்படிக்கை ஈராக் அரசிடமே விட்டுவிட்டது. சதாம் ஆட்சி அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. முதலில் வேண்டியவர்களுக்கு எண்ணெய் ஒதுக்கீடு, அதாவது இத்தனை பீப்பாய் வாங்கிக்கொள்ளும் உரிமை, என்று ஆரம்பித்தது. பிறகு 2000 இலையுதிர் காலத்திலிருந்து, ஒவ்வொரு பீப்பாய்க்கும் இத்தனை சென்ட் எங்கள் கணக்கில் தனியாகக் கட்டு என்றது. வாங்குகிற பக்கத்தில் இன்னும் எளிது. உணவு விற்பவரா? ஈராக்குக்குள் கொண்டுசேர்க்க "உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம்" கட்டு. இயந்திரம் விற்பவரா? "விற்பனைக்குப் பிந்தைய சேவைக் கட்டணம்" பத்து சதவீதம் கட்டு. கட்டிய தொகையை உன் விலைப்பட்டியலில் ஏற்றிக்கொள். நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுப்பத்து என்று இன்வாய்ஸ் போடு, ஐ.நா. கணக்கு அப்படியே கொடுக்கும். பத்தை எங்களுக்குத் திருப்பிவிடு.

யாருக்கும் கைக்காசு போகவில்லை, அதுதான் இதில் அழகு. விற்றவனுக்கு லாபம் குறையவில்லை. அரசுக்கு ஐ.நா.வின் கண்ணில் படாத ரொக்கம் கிடைத்தது. குறைந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கணக்கில் இருந்த பணத்தால் வாங்கக்கூடிய மாவு.

அந்த மாவு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஈராக்கில் ரேஷன் கார்டு முறை இருந்தது. ஆளுக்கு மாதம் 9 கிலோ மாவு, 3 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை, எண்ணெய், பருப்பு, தேயிலை, சோப்பு, கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர் என்று, நாடு முழுக்க ஏஜென்ட் கடைகள் மூலம் கொடுத்தார்கள். ஜனத்தொகையில் பாதிக்கு மேல் அதையே நம்பி வயிறு கழுவியது. விநியோகம் ஒழுங்காகத்தான் நடந்தது என்று ஐ.நா. ஆட்களே சொன்னார்கள். எல்லையில் சரக்கைச் சரிபார்க்க ஒரு ஆய்வு நிறுவனம் இருந்தது. ஜோர்டான் எல்லையில் த்ரேபில், சிரியா எல்லையில் அல் வலீத், துருக்கி பக்கம் ஸாக்கோ, கடல் வழிக்கு உம் கஸ்ர் துறைமுகம் என்று ஆட்கள் உட்கார்ந்து, எத்தனை டன் வந்தது, ஆவணமும் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்று நியூயார்க் போனால், லெட்டர் ஆஃப் கிரெடிட்டின்படி (சான்று வந்தால் பணம் தருவேன் என்ற வங்கி உத்தரவாதம்) வங்கி பணத்தை விடுவிக்கும்.

டன் பார்த்தார்கள். தரம் பார்த்தார்கள். விலையைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. ரேஷன் கடையில் தராசு சரியா என்று சோதித்துவிட்டு, மூட்டையை என்ன ரேட்டுக்கு வாங்கினார்கள் என்று கேட்காமல் வருகிற மாதிரி.

அப்படியானால் விலை யார் வேலை? நியூயார்க்கில் திட்ட அலுவலகம் இருந்தது. அங்கே ஒப்பந்தங்களைப் பரிசீலிக்க ஒரு சின்னக் குழு. அதற்கு மேலே 661 கமிட்டி: பாதுகாப்புக் குழுவின் 15 நாடுகளும் உட்கார்ந்த கமிட்டி. அதில் ஒரு நாடு கை தூக்கினால் ஒப்பந்தம் நின்றுவிடும். கை தூக்குவதற்கு அவர்கள் தயங்கவே இல்லை. 2002 நடுவில் 500 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தங்கள் இப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் அமெரிக்கா, கொஞ்சம் பிரிட்டன். நீர்ச் சுத்திகரிப்புக் கருவியா? ஆயுதத்துக்குப் பயன்படலாம், நிறுத்து. மின் உற்பத்திச் சாமானா? நிறுத்து. பைப், பம்ப், ரசாயனம் என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். விலை சந்தேகமாக இருக்கிறது என்று திட்ட அலுவலகத்தின் ஆட்களே சில ஒப்பந்தங்களைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். விலைக்காக எந்த ஒப்பந்தத்தையும் கமிட்டி நிறுத்தவில்லை.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். வவுச்சரை எடு. பொருள் வந்ததா என்று பார்ப்பது இரண்டாவது. ரேட் நியாயமானதா என்று பார்ப்பது முதலாவது. எனக்கு மேலே இருந்த அதிகாரி, கையெழுத்து, சீல், ஸ்டாக் என்ட்ரி எல்லாம் பிசகில்லாமல் இருக்கும் பில்லைத்தான் முதலில் சந்தேகப்படுவார். "எல்லாம் சுத்தமா இருக்கும்மா, அதான் ரேட்டைப் பாரு" என்பார். நியூயார்க்கில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியக் கோதுமைக் கதையைச் சொல்கிறேன், இதில் எனக்குப் பிடித்தது (பிடித்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு ஆடிட்டருக்குப் பிடிக்கிற மாதிரி) அதுதான்.

ஆஸ்திரேலியக் கோதுமை வாரியம், ஏ.டபிள்யூ.பி. என்பார்கள், ஈராக்குக்கு இந்தத் திட்டத்தில் பெரிய அளவில் கோதுமை விற்றது. 1999-ல் ஈராக் தரப்பு டன்னுக்கு 12 டாலர் போக்குவரத்துக் கட்டணம் கேட்டது. ஜோர்டானில் ஆலியா என்ற லாரி நிறுவனத்திடம் கட்டச் சொன்னார்கள். கட்டினார்கள். கட்டணம் போகப் போக ஏறி 50 டாலரையும் தாண்டியது. லாரிக்கு அத்தனை வாடகையா என்று யாரும் கேட்கவில்லை. ஆலியா ஒரு மூட்டையைக்கூட ஏற்றவில்லை. கோதுமையை ஈராக்கின் சொந்த லாரிகளே ஏற்றிக்கொண்டு போயின. ஆலியா தன் சின்னக் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஈராக் அரசுக்கு அனுப்பியது. அந்த நிறுவனத்தில் ஈராக் போக்குவரத்து அமைச்சகத்துக்கே பங்கு இருந்தது. இப்படிப் போனது மொத்தம் 22 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். ஆஸ்திரேலியக் கணக்கில் 29 கோடி. திட்டத்தில் கலந்துகொண்ட நிறுவனங்களிலேயே அதிகக் கையூட்டு கொடுத்தது இதுதான் என்று வோல்க்கர் அறிக்கை சொன்னது.

இடையில் ஒரு கூத்து. 2002-ல் ஈராக், உங்கள் கோதுமையில் இரும்புத் தூள் இருக்கிறது என்று கப்பல்களை நிறுத்திவிட்டது. சரி, நஷ்ட ஈடு தருகிறோம் என்று வாரியம் பேசி முடித்தது. அந்த நஷ்ட ஈட்டை எங்கிருந்து கொடுத்தார்கள்? அடுத்த ஒப்பந்தத்தின் போக்குவரத்துக் கட்டணத்தில் ஏற்றி, ஐ.நா. கணக்கிலிருந்தே. அதாவது கெட்ட சரக்குக்கான அபராதத்தை, அந்தச் சரக்கைத் தின்னப்போகிறவன் காசிலேயே கட்டினார்கள். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

இது முன்னாலேயே தெரியாதா? தெரியும். 2000 ஜனவரியிலேயே கனடா தரப்பு ஐ.நா.வில் கேட்டது: ஜோர்டானில் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்களே, இது அனுமதிக்கப்பட்டதா, ஆஸ்திரேலியர்கள் ஏற்கெனவே கட்டுவதாக ஈராக் தரப்பு சொல்கிறதே என்று. ஐ.நா. அலுவலகம் ஆஸ்திரேலியத் தூதுக்குழுவைக் கேட்டது. தூதுக்குழு தலைநகரைக் கேட்டது. தலைநகர் கோதுமை வாரியத்தைக் கேட்டது. வாரியம், அப்படி எதுவும் கிடையாது என்றது. அந்தப் பதில் வந்த வழியே திரும்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கோப்பு முடிந்தது.

ஹாஃப் மார்ஜின் என்று எங்களிடம் ஒன்று உண்டு. தாளின் ஒரு பாதியில் ஆடிட் கேள்வியை எழுதிக் கொடுப்போம், மறு பாதி அவர்கள் பதிலுக்கு. "குற்றச்சாட்டு உண்மையல்ல" என்று எழுதி வந்தால் அதை அப்படியே வாங்கிக் கோப்பில் போட்டு மூடினால் எனக்கு மெமோ வந்திருக்கும். பதிலுக்கு ஆதாரம் எங்கே? லாரி ட்ரிப் ஷீட் எங்கே? எத்தனை லாரி, எந்தத் தேதி, டிரைவர் பேர் என்ன? ஒரே ஒரு ட்ரிப் ஷீட் கேட்டிருந்தால் 2000-லேயே குட்டு உடைந்திருக்கும். யார் மேல் புகாரோ அவரையே பதில் எழுதச் சொல்லி, அந்தப் பதிலையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன். படு வேகமாகத்தான் முடித்தார்கள்.

வேகத்துக்கு இன்னொரு உதாரணம். எல்லையில் சான்று கொடுத்த ஆய்வு நிறுவனத்தில் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் மகன் வேலை பார்த்திருந்தார். 1999 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகை இதை வெளியிட்டது. அன்னான் உள் விசாரணைக்குச் சொன்னார். விசாரணை அன்றைக்கே முடிந்துவிட்டது, ஒரே நாளில். பிரச்சினை இல்லை என்று அறிக்கை. ஆறு வருஷம் கழித்து வோல்க்கர் கமிட்டி, ஒப்பந்தம் கொடுத்ததில் அன்னான் தலையிட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது; அந்த ஒரு நாள் விசாரணை போதாது என்றும் சொன்னது. மகனுக்கு அந்த நிறுவனம் 2004 வரை பணம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஐ.நா.வுக்கு உள் தணிக்கைப் பிரிவு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இந்தத் திட்டத்தைப் பற்றி 58 தணிக்கை அறிக்கைகள் எழுதியிருக்கிறார்கள். இத்தனை பெரிய திட்டத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எழுதியதில் பெரும்பகுதி களத்தில் நடந்த வேலைகளைப் பற்றித்தான்: கிடங்கு, வண்டி, கட்டுமானம். நியூயார்க்கில் ஒப்பந்தங்கள் எப்படிப் பாஸாகின்றன என்ற இடத்துக்குள் தணிக்கை போகவே இல்லை. எழுதிய அறிக்கைகளும் பாதுகாப்புக் குழுவுக்குப் போகவில்லை. 2005 ஜனவரியில் வோல்க்கர் எடுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. என் சக தொழில்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எந்தக் கதவைத் திறக்கலாம் என்று வேறொருவர் முடிவு செய்யும் இடத்தில் தணிக்கை என்ன செய்ய முடியும்?

ஆக, நாலைந்து வருஷம் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ரகசியம் இது. உடைந்தது பாக்தாத் வீழ்ந்த பிறகு. 2004 ஜனவரி 25-ல் அல் மதா என்ற ஈராக் தினசரி, எண்ணெய் ஒதுக்கீடு வாங்கியவர்கள் என்று சுமார் 270 பெயர்களை வெளியிட்டது. ஆவணங்கள் இருந்த அமைச்சகங்களின் கதவு திறந்ததால் கிடைத்த பட்டியல். சதாம் ஆட்சி ஒவ்வொரு கையூட்டையும் ஒழுங்காகக் கணக்கெழுதி வைத்திருந்தது. லஞ்சம் வாங்கியவன்தான் லெட்ஜரைச் சுத்தமாக வைத்திருந்தான், கொடுத்தவர்களும் காவல் காத்தவர்களும் அல்ல.

அன்னான் ஏப்ரலில் விசாரணைக் குழு அமைத்தார். அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கர், தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன், ஸ்விட்சர்லாந்துப் பேராசிரியர் மார்க் பீத் என மூவர். பாதுகாப்புக் குழு 1538-ஆம் தீர்மானத்தால் ஏப்ரல் 21-ல் ஆதரவு கொடுத்தது. அடுத்த நாள், ஏப்ரல் 22-ல், அன்னானின் அலுவலகத் தலைவர் இக்பால் ரிஸா, 1997 முதல் 1999 வரையிலான தன் கோப்புப் பிரதிகளைக் கிழித்துப்போட அனுமதி கொடுத்தார். இடம் போதவில்லையாம், பிரதிகள்தானாம், மூலங்கள் வேறு இடத்தில் இருக்கின்றனவாம். கிழிப்பு டிசம்பர் வரை நடந்தது. அதே மனிதர் சில நாட்களுக்கு முன்புதான் ஐ.நா. அமைப்புகளுக்கெல்லாம் ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று கமிட்டி சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கோப்புகளை ஒழிக்க ஆபீசுக்கு ஆபீசு வருஷக்கணக்கில் மனசு வராது, ஆடிட் பார்ட்டி வருகிற வாரம்தான் திடீரென்று இடப்பற்றாக்குறை வரும். இதை நான் பல கட்டிடங்களில் பார்த்திருக்கிறேன்.

விசாரணைச் செலவு மூன்று கோடி டாலருக்கு மேல். அதுவும் அந்த 2.2 சதவீதக் கணக்கின் மிச்சத்திலிருந்து. திருட்டு கொடுத்தவனே போலீசுக்கும் செலவு செய்தான்.

கண்டுபிடித்தது இது: ஈராக் அரசுக்குத் திட்டத்துக்குள்ளிருந்தே சுமார் 180 கோடி டாலர் முறைகேடான வரவு. அதில் 155 கோடி சரக்கு விற்றவர்கள் திருப்பிக் கொடுத்தது, மிச்சம் எண்ணெய் வாங்கியவர்கள் கட்டியது. கையூட்டில் சம்பந்தப்பட்டவை 2,200 நிறுவனங்களுக்கு மேல். இதுபோக, திட்டத்துக்கு வெளியே ஜோர்டான், துருக்கி, சிரியா வழியாக ஈராக் விற்ற எண்ணெயில் இதைவிடப் பல மடங்கு வருமானம். பாதுகாப்புக் குழு நாடுகளுக்குத் தெரிந்தே நடந்தது அது. அதைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் கூச்சல் போட்டவர்கள் குறைவு, ஐ.நா.வைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

திட்டத்தின் தலைவராக இருந்த பெனன் செவான், ஒரு எண்ணெய் நிறுவனத்துக்கு ஒதுக்கீடு கிடைக்கச் செய்து சுமார் ஒன்றரை லட்சம் டாலர் பெற்றார் என்று கமிட்டி முடிவுக்கு வந்தது. அவர் மறுத்தார். சொத்து விவர அறிக்கையில் அந்தப் பணத்தை அத்தை கொடுத்தது என்று அவரே எழுதியிருந்தார். சைப்ரஸில் ஓய்வூதியத்தில் எளிமையாக வாழ்ந்த அந்த அம்மா 2004-லேயே இறந்துபோனார். 6,400 கோடியைக் கையாண்ட இடத்தில் ஒன்றரை லட்சம்! 2007-ல் நியூயார்க்கில் செவான் மேல் குற்றச்சாட்டு பதிவானது. அதற்குள் அவர் சொந்த நாடான சைப்ரஸுக்குப் போய்விட்டார், வழக்கு அங்கேயே நின்றுவிட்டது.

இனி அறிக்கைக்குப் பின்னால் நடந்தது. கமிட்டிக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பெயர்களைக் கொடுத்துவிட்டு, அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. இங்கேதான் உண்மையான ஆமை வேகம். ரஷ்யா சில ஆவணங்களைப் போலி என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் நட்வர் சிங் பெயரும் காங்கிரஸ் கட்சி பெயரும் ஒதுக்கீட்டுப் பயனாளிகள் பட்டியலில் இருந்ததால் ரகளை. 2005 நவம்பரில் இலாகா போனது, டிசம்பரில் ராஜினாமா. நீதிபதி பதக் விசாரணை 2006 ஆகஸ்ட்டில் முடிந்தது: செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினார், பணம் பெற்றதற்கு ஆதாரம் இல்லை, கட்சிக்குச் சம்பந்தம் இல்லை. நட்வர் சிங் கடைசிவரை மறுத்தார். நம் பத்திரிகைகளுக்கு அத்தோடு வோல்க்கர் முடிந்தது. பட்டியலில் இருந்த இந்திய வியாபார நிறுவனங்களைப் பற்றி அப்புறம் ஒரு பத்தி படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் கோல் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. பிரதமர் ஜான் ஹோவர்டே 2006 ஏப்ரலில் சாட்சிக் கூண்டில் ஏறினார். எச்சரிக்கைத் தந்திகள் அமைச்சகத்துக்கு வந்திருந்தன. பார்க்கவில்லை, நினைவில்லை என்றார்கள் அமைச்சர்கள். ஆணையம் அரசியல்வாதிகளை விட்டுவிட்டது, 12 பேர் மேல் மேல்விசாரணைக்குச் சொன்னது. 2009-ல் மத்திய போலீஸ் கிரிமினல் விசாரணையைக் கைவிட்டது. மிஞ்சியது கம்பெனிச் சட்டப்படி சிவில் வழக்கு. முன்னாள் நிர்வாக இயக்குநருக்கு 2012-ல் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். முன்னாள் தலைவருக்கு 2017-ல் ஐம்பதாயிரம். 29 கோடி போன இடத்தில்.

பிரான்சில் டோட்டல் எண்ணெய் நிறுவனம் 2013-ல் விடுதலையானது, 2016-ல் மேல்முறையீட்டில் ஏழரை லட்சம் யூரோ அபராதம் வாங்கியது, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பையன் பார்த்த 2018 அதுதான்.

எதுவுமே திரும்பவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் செவ்ரான் 2007-ல் 3 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது, அதில் 2 கோடி ஈராக் வளர்ச்சி நிதிக்குப் போனது. பிரிட்டனில் பாலம் கட்டும் மேபி அண்ட் ஜான்சன் நிறுவனம் ஈராக்குக்கு ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் ஈடு கட்டியது, அதன் முன்னாள் இயக்குநர்கள் இருவர் 2011-ல் சிறைக்கும் போனார்கள். 155 கோடியோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் சட்டம் நினைத்தால் பணத்தை உரியவருக்குத் திருப்பலாம் என்பதற்கு அது சாட்சி.

உரியவரே கேட்டும் பார்த்தார். 2008-ல் புதிய ஈராக் அரசு நியூயார்க் நீதிமன்றத்தில் 93 நிறுவனங்கள், நபர்கள் மேல் வழக்குப் போட்டது: எங்கள் மக்களின் உணவுப் பணத்தைத் திருடக் கூட்டு நின்றீர்கள், நஷ்ட ஈடு கொடுங்கள் என்று. 2013-ல் தள்ளுபடி. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி. காரணம்: சதாம் அரசு செய்தது சட்டத்தின் கண்ணில் ஈராக் செய்ததுதான், நீயும் உடந்தையாக இருந்த குற்றத்துக்கு நீயே ஈடு கேட்க முடியாது. அரசாங்கம் மாறினாலும் நாடு ஒன்றே என்பது சர்வதேசச் சட்டத்தில் பழைய விதி, கடன் விஷயத்தில் அது இல்லாவிட்டால் உலகம் நடக்காது, எனக்கும் புரிகிறது. மாதம் 9 கிலோ மாவுக்குக் கார்டு வைத்து நின்றவர் எந்த வகையில் உடந்தை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதில் மாறுபட்டு எழுதினார்: சதாமின் செயலை ஈராக் தலையில் கட்டலாமா என்பதை வழக்கின் வாசலிலேயே முடிவு செய்யக் கூடாது என்று. தீர்ப்பு வந்தது மற்ற இருவர் சொன்னபடி. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. மறுத்ததற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை, எழுதவும் இல்லை.